மின்சாரச் சிறுவண்டிகள்

தொண்டை நாட்டிலே திருப்பெரும்புதூர் ஒரு பழம்பதி. வைணவப் பெரியாராகிய இராமாநுசர் தோன்றிய ஊர் அது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலைத் தரிசிப்பதற்காக இன்றும் அடியார் பலர் அங்கு வருகின்றனர். ஒரு தலைமுறைக்கு முன்பு வரையில் இவ்வூரைச் சுற்றிலும் ஏரிகளும், அவ்வேரிகளின் நீரை நம்பிய நெல்வயல்களுமே மிகுதியாகக் காணப்பட்டன. இன்று அவ்வயல்களுக்கிடையே வானளாவிய கூடாரங்கள் எழுந்துள்ளன. அவை கதிர்க்குவியலைக் காக்கும் கூடாரங்கள் அல்ல. கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் பிறக்கின்ற தொழிற்கூடங்கள்.

1996 ஆம் ஆண்டிலே, திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் கால் ஊன்றியது. 1998 இல் அவ்வாலையிலிருந்து 'சான்ட்ரோ' என்னும் சிறு கார் வெளிவந்தது. பின்னர்த் தெற்கே ஒரகடத்திலும் தொழில் பரவிற்று. ரெனோ, நிசான் கார்களைச் செய்யும் ஆலை 2010 இல் தொடங்கியது. டெய்ம்லர் நிறுவனத்தின் லாரி ஆலை 2012 இலும், சென்னையின் பழைய நிறுவனமாகிய ராயல் என்ஃபீல்டின் மோட்டார் சைக்கிள் ஆலை 2013 இலும் அங்கே வேலை தொடங்கின. டயர், கண்ணாடி, விளக்கு, இருக்கை என உறுப்புக்களைச் செய்து கொடுக்கும் ஆலைகளோ பல. இங்கே செய்த கார்கள் கப்பலேறிக் கடல் கடந்தும் செல்கின்றன. இப்பகுதியை அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரத்தோடு ஒப்பிட்டுப் பேசுவது வழக்கமாகிவிட்டது.

வண்டலூரிலிருந்து வாலாசாபாத்துக்குச் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து திருப்பெரும்புதூருக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டும் இடமே ஒரகடம். ஒரு நாள் காலையில், ஆலைகளில் வேலை முறை மாறும் வேளையில், அங்குள்ள தேநீர்க் கடை ஒன்றின் அருகே நின்றிருந்தேன். இரவு வேலை முடித்தவர்களையும் பகல் வேலைக்கு வருபவர்களையும் சுமந்துகொண்டு கம்பெனிப் பேருந்துகள் வரிசையாகச் சென்றன. அவற்றினூடே கண்டெய்னர் லாரிகள் உறுமின. இரண்டு அடுக்காகப் புதிய கார்களை ஏற்றிய நீண்ட வண்டியொன்று, திரும்புவதற்கு இடம் போதாமல், சந்தியையே சிறிது நேரம் அடைத்துக்கொண்டது. அதன் பின்னே நின்ற கார்களை உற்று நோக்கினேன். அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஓட்டுபவரைத் தவிர வேறொருவரும் இல்லை.

என் அருகே தேநீர் அருந்திக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் தம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது மின்சார ஸ்கூட்டர்.

"தம்பி, எந்த ஆலையில் வேலை?" என்று கேட்டேன்.

"கார் ஆலையில்தான் ஐயா. கதவு பொருத்தும் பகுதி."

"கார் செய்கிறீர்கள், ஸ்கூட்டரில் வருகிறீர்களே?"

அவர் நகைத்தார். "எங்கள் ஊர் இங்கிருந்து எட்டுக் கிலோமீட்டர், ஐயா. எட்டுக் கிலோமீட்டருக்குக் கார் எதற்கு? வீட்டில் இரவு மின்னேற்றம் செய்துவிட்டால் மூன்று நாள் வந்து போகலாம். கார் வாங்கப் பணம் இல்லை என்பதும் உண்மைதான். இருந்தாலும் வாங்குவேனோ, மாட்டேனோ தெரியாது" என்றார்.

அவ்விளைஞர் விளையாட்டாகச் சொன்ன விடையிலே ஒரு பெரிய கணக்கு அடங்கியிருக்கிறது. அக்கணக்கை நாம் சற்றே போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஆளின் எடை ஏறத்தாழ 60 கிலோகிராம். அவரைச் சுமந்து செல்லும் சாதாரணக் காரின் எடை 1,000 கிலோகிராமுக்கு மேல். மின்சாரக் கார்களுள் பல ஒன்றரை டன்னை நெருங்குகின்றன. ஆகவே, காரிலே ஒருவர் தனியே செல்லும்போது, எரிக்கும் பெட்ரோலில் மிகப் பெரும் பங்கு காரை நகர்த்துவதற்கே செலவாகின்றது. ஆளை நகர்த்துவதற்குச் செலவாவது மிகச் சிறு பங்கே. ஒரு படி அரிசியைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர இரட்டை மாட்டு வண்டியைப் பூட்டுவார் உண்டோ? நகரத்திலே நாள்தோறும் நாம் செய்வது ஏறக்குறைய அதுவே.

மின்சார ஸ்கூட்டரின் எடை 110 கிலோகிராம் அளவு. மின்சார மிதிவண்டியோ 20 அல்லது 25 கிலோகிராமே இருக்கும். எடை குறைந்தால் அதனை நகர்த்தும் ஆற்றலும் குறையும் என்பதை நீங்கள் இயற்பியலிலே கற்றிருக்கிறீர்கள். நகரச் சாலையில் இவ்வேறுபாடு இன்னும் மிகுதியாகத் தெரியும். ஏனெனில், அங்கே வண்டி ஒரே வேகத்தில் ஓடுவதில்லை; நின்று நின்று புறப்படுகின்றது. புறப்படும்போதெல்லாம் அவ்வளவு எடையையும் அசைவற்ற நிலையிலிருந்து தள்ளியாகவேண்டும். நிறுத்தும்போதோ, அவ்வாறு தேடிய ஆற்றல் முழுவதும் தடையிலே வெப்பமாகிக் காற்றோடு கலந்துவிடுகின்றது. மின்சார வண்டியில் மட்டும், மோட்டாரே மின்னாக்கியாக மாறி, அவ்வாற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்பும்.

வீட்டு மின்கட்டணத்தில் 'யூனிட்' என்று ஒன்று காண்கிறீர்களே, அதை அளவுகோலாகக் கொள்வோம். மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடும். மின்சாரக் கார் ஆறு அல்லது ஏழு கிலோமீட்டர் ஓடும். பெட்ரோல் காரையும் இவ்வளவுகோலால் அளக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய வெப்ப ஆற்றல் சுமார் ஒன்பது யூனிட். நகரத்தில் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கிடைப்பதாகக் கொண்டால், யூனிட்டுக்கு இரண்டு கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. பத்துக் கிலோமீட்டர் செல்லப் பெட்ரோல் கார் ஆறு யூனிட்டை விழுங்கும். மின்சாரக் கார் ஒன்றரை யூனிட்டைக் கொள்ளும். ஸ்கூட்டருக்கு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

இக்கணக்கிலே ஓர் ஓட்டை உண்டு. அதை மறைத்தல் முறையன்று. பெட்ரோலின் ஆற்றலை எரிவதற்கு முன்பு அளந்தோம்; மின்சாரத்தையோ நிலக்கரி எரிந்து முடிந்த பின்பு அளந்தோம். அனல் மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகின்றது. எண்ணூரிலும் நெய்வேலியிலும் புகைபோக்கிகள் புகைந்தவண்ணம் இருக்கும்வரையில், மின்சார வண்டி புகையே இல்லாத வண்டி என்று சொல்லுதல் பொருந்தாது. ஆதலின் ஸ்கூட்டரின் செலவை மும்மடங்காக்கி ஒரு யூனிட் என்றே கொள்ளுங்கள். அப்பொழுதும் அது பெட்ரோல் காரின் செலவில் ஆறில் ஒரு பங்குதான். முப்பந்தல் முதலிய இடங்களிலே காற்றாலைகள் தரும் மின்சாரம் மிகுமானால், அப்பங்கும் குறையும்.

ஆனால், இதே திருத்தத்தை மின்சாரக் காருக்கும் செய்து பாருங்கள். ஒன்றரை யூனிட் நான்கரை யூனிட்டாகிவிடுகின்றது. பெட்ரோல் காருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி பெரிதும் சுருங்கிவிடுகின்றது. எரிபொருளை மாற்றினால் மட்டும் போதாது, வண்டியின் எடையையும் குறைக்கவேண்டும் என்பதை இக்கணக்குத் தெளிவாகக் காட்டுகின்றது.

மின்கலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஹூண்டாய் நிறுவனம் 2025 ஆம் ஆண்டு ஜனவரியில் 'கிரெட்டா' என்னும் காரின் மின்சார வடிவத்தை வெளியிட்டது. அதுவும் திருப்பெரும்புதூர்ப் பகுதியிலேயே செய்யப்படுவது. அதன் பெரிய மின்கலத் தொகுதி 51.4 யூனிட் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும். ஸ்கூட்டர் ஒன்றுக்கு மூன்று யூனிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு காரின் மின்கலத்தைக் கொண்டு பதினேழு ஸ்கூட்டர்களை ஓட்டலாம். மின்கலம் செய்ய வேண்டிய லித்தியத்தைப் பிற நாடுகளிலிருந்தே பெரும்பாலும் தருவித்துக்கொள்ளும் நமக்கு, இது சிறிய செய்தியன்று. மேலும், மின்சாரக் கார் புகையைக் குறைக்குமே அன்றி, இடத்தைக் குறைக்காது. அண்ணா சாலையின் நெரிசலிலே நிற்கும் நூறு பெட்ரோல் கார்களை நூறு மின்சாரக் கார்களாக மாற்றிவிட்டால், நெரிசல் ஓசையின்றி நிற்குமே தவிர நகராது.

மின்சாரத்தால் ஓடும் வண்டியைப் புதுமை என்று எண்ணுவோர் பலர். சென்னைக்கு அது புதுமையே அன்று. 1895 ஆம் ஆண்டிலேயே இந்நகரத் தெருக்களில் மின்சார டிராம் ஓடியது. இந்தியாவில் முதன்முதலாக ஓடிய மின்சார டிராம் அதுவே. தொடக்கத்தில் மின்கம்பியைத் தரைக்கடியில் புதைத்துவைத்தனர். வடகிழக்குப் பருவமழை அதனை விட்டுவைக்குமா? மழைநீர் புகுந்து அவ்வேற்பாட்டைக் கெடுத்துவிட, பின்னர்க் கம்பியைத் தலைக்குமேல் கட்டினர். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஓடிய பிறகு, 1953 இல் டிராம் நின்றுவிட்டது. பேருந்துக்கும் மோட்டாருக்கும் வழிவிட்டுத் தண்டவாளம் மறைந்தது.

மேனாடுகளிலும் இவ்வாறே. 1897 இல் இலண்டன் நகரில் மின்சார வாடகை வண்டிகள் ஓடின. 1899 இல் காமீல் ஜெனட்ஸி என்பவர், மணிக்கு 100 கிலோமீட்டர் என்னும் எல்லையை முதன்முதலாகத் தாண்டியது மின்சாரக் காரில்தான். அக்காலத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரத்தால் ஓடுபவை. பெட்ரோல் மலிவாயிற்று, ஈய மின்கலமோ கனத்தது, விரைவில் தீர்ந்தது. ஆகவே மின்சார வண்டி தோற்றது. அதனைத் தோற்கடித்ததும் எடைதான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

எடை குறைந்த மின்கலம் வந்த பிறகே அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. லித்தியம் அயனி மின்கலம் 1991 இல் கடைக்கு வந்தது. அதனை ஆக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்னும் மூவருக்கும் 2019 இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948 இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 இல் திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். மின்கலங்களைப் பற்றிய ஆராய்ச்சி அங்கே தொடர்ந்து நடைபெற்று வருகின்றது. சென்னையிலே டிராம் நின்ற அதே ஆண்டில், காரைக்குடியில் மின்கலத்துக்கு ஒரு வீடு திறந்தது. இது தற்செயல்தான், ஆயினும் நினைத்துப் பார்க்க இனிதாக இருக்கிறது.

சிறிய மின்சார வண்டிகளைச் செய்யும் தொழில் இன்று தமிழ்நாட்டில் நன்கு வேரூன்றிவிட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்னும் இளைஞர் இருவர் 2013 இல் 'ஏதர்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஐந்து ஆண்டுகள் உழைத்த பின்னரே, 2018 இல், அவர்களுடைய ஸ்கூட்டர் பெங்களூர்த் தெருக்களுக்கு வந்தது. 2021 இல் ஒசூரில் ஆலை எழுப்பினர். ஒசூரிலேயே பல்லாண்டுகளாக மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் செய்துவந்த டி.வி.எஸ். நிறுவனம் 2020 இல் மின்சார ஸ்கூட்டரை வெளியிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும், இராணிப்பேட்டையிலும் 2021 இல் புதிய ஆலைகள் தோன்றின. தமிழ்நாட்டரசு 2019 இல் மின்சார ஊர்திகளுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, 2023 இல் அதனைத் திருத்தி வெளியிட்டது.

ஸ்கூட்டர் ஒன்றுதான் சிறுவண்டி என்று எண்ணவேண்டா. எழும்பூர் இரயில் நிலையத்தில் முதியோரை ஏற்றிச்செல்லும் பேட்டரி வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் ஊராட்சிகள் பலவற்றில், காலையில் வீதிதோறும் வந்து குப்பை வாங்கிச் செல்லும் தூய்மைக் காவலர்கள் ஓட்டுவதும் மின்கல வண்டிதான். முன்பு தள்ளுவண்டியை வெயிலிலே தள்ளிக்கொண்டு சென்றவர்கள் அவர்கள். மின்சார வண்டியால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்க்கு, முதலில் அவர்களைத்தான் காட்டுவேன். டெல்லி முதலிய வடநாட்டு நகரங்களில் மின்சார ரிக்ஷா மிகுதி. சீனாவில் முப்பது கோடிக்கு மேற்பட்ட மின்சார மிதிவண்டிகள் இருப்பதாகச் சொல்கின்றனர். பிரான்ஸ் நாட்டில் 2020 இல் சித்ரோவன் நிறுவனம் 'அமி' என்றொரு வண்டியைக் கொண்டுவந்தது. அதன் நீளம் இரண்டரை மீட்டருக்கும் குறைவு, வேகம் மணிக்கு 45 கிலோமீட்டரே, இருவர் அமரலாம். அங்கே அதனைப் பதினான்கு வயது நிரம்பியவரும் பயிற்சி பெற்று ஓட்டலாமாம். இதைக் கேட்டதும் நீங்கள் அங்கே பிறந்திருக்கலாகாதா என்று ஏங்கவேண்டா! நம் நாட்டிலும், 250 வாட்டுக்கு மிகாத மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும், மின்கலம் நீங்கலாக 60 கிலோகிராமுக்கு மிகாத எடையும் உடைய வண்டிகள், குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டால், சட்டப்படி மோட்டார் வண்டிகளாகக் கருதப்படுவதில்லை.

கார் செய்வோரும் இதைக் கவனியாமல் இல்லை. 2025 ஆம் ஆண்டு ஜனவரியில் டெல்லியில் நடைபெற்ற ஊர்திக் கண்காட்சியில், ஹூண்டாய் நிறுவனம் மூன்று சக்கர மின்சார வண்டி ஒன்றையும், மிகச் சிறிய நான்கு சக்கர வண்டி ஒன்றையும் மாதிரிகளாக வைத்தது. டி.வி.எஸ். நிறுவனத்தோடு கூடி அவற்றைச் செய்வது பற்றி ஆராய்வதாகவும் அறிவித்தது. தெருவில் மழைநீர் தேங்கினால், வண்டி தன் உடலை உயர்த்திக்கொண்டு செல்லும் ஏற்பாடும் அம்மாதிரியில் இருந்தது. பழைய டிராமைக் கெடுத்த அதே மழையை இவர்கள் மறக்கவில்லை! ராயல் என்ஃபீல்டு நிறுவனமோ 2024 நவம்பரில் மிலன் நகரத்தில் தன் முதல் மின்சார மோட்டார் சைக்கிளைக் காட்டியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' என்று பொருள்படும். இரண்டாம் உலகப்போரிலே பாராசூட் கட்டி வானிலிருந்து இறக்கிய, ஏறத்தாழ 60 கிலோகிராமே எடையுள்ள தம் பழைய வண்டியின் பெயரை அவர்கள் மீண்டும் எடுத்துக்கொண்டனர். மாதிரி காட்டுவது வேறு, சாலையில் ஓடுவது வேறு என்பது உண்மைதான். எனினும், பெரிய வண்டியால் பொருள் ஈட்டுவோர் சிறிய வண்டியைப் பற்றி எண்ணத் தொடங்கியிருப்பது கருதத்தக்கது.

அப்படியானால் இவ்வண்டிகளை ஏன் எல்லோரும் மேற்கொள்ளவில்லை? தடைகள் சிலவற்றை நேர்மையோடு பார்க்கவேண்டும்.

2022 ஆம் ஆண்டின் கோடையில் நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பற்றின. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதன் பிறகு, அவ்வாண்டு டிசம்பர் முதலாக, மின்கலங்களுக்குரிய சோதனைகளை அரசு கடுமையாக்கியது. தேய்ந்துபோன மின்கலங்களைச் செய்தவர்களே திரும்பப் பெற்றுக்கொள்ளவேண்டும் என்னும் விதியும் அவ்வாண்டிலேயே வந்தது. மின்கலத்தைப் படுக்கையறையில் வைத்து இரவெல்லாம் மின்னேற்றம் செய்வதும், பொருந்தாத மின்னேற்றியைப் பயன்படுத்துவதும் தவிர்க்க வேண்டியவை.

இரண்டாவது தடை இன்னும் பெரிது. அது வண்டியில் இல்லை, சாலையில் இருக்கிறது. எடை குறைந்த வண்டி ஆற்றலைச் சேமிக்கும்; ஆனால் ஒரு லாரி உரசினால், அவ்வெடைக் குறைவே அதற்குப் பகை. ஒரகடத்துச் சாலையிலே நாற்பது டன் கண்டெய்னர் லாரியும் நூறு கிலோகிராம் ஸ்கூட்டரும் ஒரே தடத்தில் செல்கின்றன. தலைக்கவசம் இன்றியமையாததே, ஆயினும், லாரியின் முன் தலைக்கவசம் எவ்வளவு காக்கும்? "கார் பாதுகாப்பானது" என்று மக்கள் கார் வாங்குகின்றனர். அதனால் சாலையில் கார் பெருகுகின்றது. சிறுவண்டிக்கு இடம் சுருங்குகின்றது. அஞ்சி இன்னும் சிலர் கார் வாங்குகின்றனர். சிறுவண்டிகளுக்கென்று தடுப்போடு கூடிய தனித் தடம் அமைத்தாலன்றி இச்சுழல் நில்லாது. வண்டிக்கு மானியம் வழங்குதல் எளிது. தடம் அமைத்தல் அரிது. அரியதே முதலில் செய்யத்தக்கது என்பது என் கருத்து.

சிறுவண்டியால் ஆகாத செயல்களும் உண்டு. முதியவரை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவோ, குடும்பத்தோடு தொலைவூர் செல்லவோ ஸ்கூட்டர் உதவாது. அப்போது கார் தேவைதான். ஐம்பது பேர் ஒரே இடத்துக்குச் செல்வதாயின், ஐம்பது ஸ்கூட்டர்களைவிட ஒரு பேருந்தே மேலானது. ஒரகடத்துக்கு இரயில் இல்லை. சிங்கப்பெருமாள்கோவில் நிலையத்தில் இறங்குபவர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் செல்லவேண்டும். அந்த இடைவெளியைப் பேருந்தும், பேருந்து விட்ட மிச்சத்தைச் சிறுவண்டியும் நிரப்புதல் கூடும்.

மூன்றாவது, தொழிலாளர் பற்றிய கவலை. பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன், வால்வு, கிராங்குத் தண்டு, தீப்பொறிச் செருகி, புகைக்குழாய் என எத்தனை எத்தனையோ உறுப்புக்கள்! மின்மோட்டாரிலோ சுழல்வது ஒன்றே. இவ்வுறுப்புக்களைக் கடைந்தும் வார்த்தும் கொடுக்கும் சிறு பட்டறைகள் ஒரகடம் முதல் அம்பத்தூர் வரை பரவியுள்ளன. வேலை போவதன் துயரை இப்பகுதி அறியாததன்று. திருப்பெரும்புதூரில் 2006 இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022 இல் கார் செய்வதை நிறுத்தியது. கதவு பொருத்தும் அவ்விளைஞரிடம் இதைக் கேட்டபோது, "கதவு எல்லா வண்டிக்கும் வேண்டுமே, ஐயா" என்றார். பிறகு தம் ஸ்கூட்டரைப் பார்த்தார். அதற்குக் கதவு இல்லை. இருவரும் சிரித்தோம், ஆனால் அச்சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. பிஸ்டன் கடைபவருக்கு மோட்டார்ச் சுருள் சுற்றவும், மின்கலத் தொகுதி இணைக்கவும், பழுது பார்க்கவும் இப்பொழுதே பயிற்சி அளித்தால்தான் மாற்றம் வரும் நாளில் அவர் வீதிக்கு வராமல் இருப்பார். அப்பயிற்சிக்கு உரிய இடம் நம் தொழிற்பயிற்சி நிலையங்கள்.

ஒரகடத்திலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் வழியில் வல்லம் வடகால் என்னும் ஊர் உள்ளது. ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்காக அங்கே கட்டப்பட்ட பெரிய விடுதி 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திறக்கப்பட்டது. 18,720 பேர் அதிலே தங்கலாம். நம் நாட்டுச் சிறு நகரங்கள் சிலவற்றின் மக்கள்தொகை அது! தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து, பெரும்பாலும் பள்ளிப்படிப்பு முடித்த சில ஆண்டுகளுக்குள், வேலை தேடி வந்த பெண்கள் இத்தகைய விடுதிகளில் தங்குகின்றனர். வேலைக்குப் பேருந்து அழைத்துச் செல்கின்றது, அது நன்று. ஆனால் வேலையில்லாத நாளில் அஞ்சலகத்துக்கோ, கடைத்தெருவுக்கோ, கோயிலுக்கோ செல்வதற்கு அவர்களுக்கு எது வழி? நெடுந்தொலைவு இல்லை, சில கிலோமீட்டர்தான். அச்சில கிலோமீட்டரும் லாரிகள் விரையும் சாலையாக இருக்கின்றது.

நான் புறப்பட்டபோது வெயில் ஏறிவிட்டது. கார்களை ஏற்றிய அந்த நீண்ட வண்டி ஒருவாறு திரும்பித் துறைமுகத்தை நோக்கிச் சென்றது. சாலையின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள ஒரு முழ அகலத்தில், இரண்டு பெண்கள் ஒரு மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு, லாரி வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தனர்.